பலகை சரி, படுக்கை எப்படி?

ரோட்டுக்காரர் பதில்கள்

சென்ற இதழில், "காம்பவுண்ட் சுவரே ரெடிமேடாக வந்து இறங்குகிற ஊரில், ரோடும் ஒரு நாள் லாரியில் வந்து இறங்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை சொத்தை ஜல்லி, மூடாத குழி எல்லாவற்றையும் ஒத்தி வைத்துவிட்டு, வேறு இடத்தில் வார்த்து லாரியில் கொண்டுவந்து பதிக்கிற கான்கிரீட் பலகை ரோடு பற்றி மட்டும். நான் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டிசைன் இன்ஜினியர் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐயா, எங்கள் வீதியில் பாதாள சாக்கடைக்குத் தோண்டி, அப்புறம் சிமெண்ட் ரோடு போட்டார்கள். போட்டு முடித்த பிறகும் வண்டி விடாமல் குறுக்கே டிரம் வைத்து மறித்துவிட்டார்கள். கட்டிங் பீஸ் பண்டலை ஆட்கள் தலையில் சுமந்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். வெளிநாட்டில் ராத்திரி கிரேன் வைத்துப் பலகையை இறக்கி, காலையில் வண்டி விடுகிற வீடியோ பார்த்தேன். அதை இங்கே செய்தால் என்ன?
*பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்*

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் டிரம் வைத்தவரைத் திட்டாதீர்கள், அவர் நல்லது செய்திருக்கிறார். கான்கிரீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் என்பது கணக்கு. அதற்குள் லோடு ஏறினால், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அடி விழுந்திருக்கும்.

நீங்கள் வீடியோவில் பார்த்ததிலும் அந்த 28 நாள் இருக்கிறது. உங்கள் வீதியில் இல்லாமல், வேறு எங்கோ ஒரு காஸ்டிங் யார்டில் கழிந்திருக்கிறது. இரும்பு அச்சில் வார்த்து, ஈரம் காயாமல் வைத்திருந்து, பலத்துக்கு வந்ததைச் சோதித்து, அப்புறம்தான் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். ரோட்டில் நடக்கிற வேலை ஒரு ராத்திரி வேலைதான். முன்கூட்டியே அளந்து, உடைந்த பகுதியை மிஷின் வைத்துச் சதுரமாக அறுத்துவிடுவார்கள். போக்குவரத்து குறைந்ததும் ரோட்டை அடைத்து, பழைய துண்டைத் தூக்கி, அடித்தளத்தைச் சீவி மட்டம் பார்த்து, புதுப் பலகையை நான்கு கொக்கியில் மாட்டி இறக்குவார்கள். இணைப்பிலும் பலகைக்கு அடியிலும் சீக்கிரம் இறுகுகிற சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். விடிவதற்குள் எல்லாம் முடியாவிட்டால், பலகையை மட்டும் உட்கார வைத்துக் காலையில் வண்டியை விட்டு, மறுநாள் ராத்திரி வந்து கலவை ஊற்றுவதும் உண்டு.

இப்போது உங்கள் வீதிக்கு வருவோம். மூன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு பலகை என்று வையுங்கள். 1.4 கன மீட்டர். கன மீட்டருக்கு இரண்டரை டன் என்றால் ஒரு பலகையே மூன்றரை டன். அதை ஏற்றிய டிரெய்லர் உங்கள் வீதி முனையில் திரும்ப வேண்டும். கிரேன் கையை உயர்த்த வேண்டும். மேலே கரண்ட் கம்பி, கேபிள் ஒயர், பக்கத்துக்கு ஒரு பால்கனி. திருப்பூரில் நான் பார்த்த பனியன் கம்பெனி வீதிகள் பலவற்றில் ஹைட்ரா கிரேன் உள்ளே வரும், கையைத் தூக்க முடியாது.

ஆக, இந்த முறை உங்கள் வீதிக்கானது அல்ல, உங்கள் வீதி போய்ச் சேருகிற மெயின் ரோட்டுக்கானது. ஒரு நாள் மறித்தால் ஊரே நின்றுபோகும் இடங்கள் இருக்கின்றன: பஸ் ஸ்டாண்டு வாசல், ரயில்வே கீழ்ப்பாலம், டோல்கேட், பெரிய சிக்னல். அங்கே ஒவ்வொரு நாள் அடைப்புக்கும் ஊர் கொடுக்கிற விலை அதிகம். பலகைக்குக் கூடுதலாகச் செலவழித்தாலும் கட்டுபடியாகும். பஸ் ஸ்டாண்டு வாசலைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ் பிரேக் போட்டுப் போட்டு தார் முன்னால் தள்ளிக் குவிந்திருக்கும். போதாததற்கு, நிற்கிற பஸ்ஸிலிருந்து சொட்டுகிற டீசல் தாரையே கரைத்துவிடும். கான்கிரீட்டுக்கு இந்த இரண்டு தொந்தரவும் இல்லை. நம் பக்கத்தில் பலகை ரோட்டைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு வாசலிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்பேன்.

பெங்களூரில் இதே மாதிரி போட்டு, ஒரே மாதத்தில் விரிசல் விட்டதாகப் படித்தேன். அப்படியென்றால் இது தோற்றுப்போன சமாச்சாரம்தானே?
*ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோவை*

2022 டிசம்பரில் பெங்களூர் பழைய மெட்ராஸ் ரோட்டில் பின்னமங்கலா பக்கம் ஒரு சிறு நீளத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். முதலமைச்சரே வந்து பார்த்தார். அடுத்த மாதமே பலகையும் பலகையும் சேரும் இடத்தில் சேதம் என்று படத்தோடு செய்தி வந்தது. நீங்கள் படித்தது அதுதான்.

"சேரும் இடத்தில்" என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பலகை ரோடு கெடுவதென்றால் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் ஆரம்பிக்கும். ஒன்று இணைப்பு, இன்னொன்று அடி. பலகையின் நடுப்பகுதி சும்மா இருக்கும்.

தார் ரோடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடியில் சிறு மேடுபள்ளம் இருந்தால் அதற்கேற்ப உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே ஊற்றுகிற கான்கிரீட்டும், ஈரமாக இருக்கும்போது அடித்தளத்தின் மேடுபள்ளத்தை நிரப்பிக்கொண்டுதான் இறுகுகிறது. வார்த்து எடுத்து வந்த பலகைக்கு இரண்டும் முடியாது. அதன் அடிப்பக்கம் அச்சின் மட்டம். தரை அந்த மட்டத்துக்கு இல்லையென்றால், எங்கோ மூன்று இடத்தில் தொட்டுக்கொண்டு மீதி அந்தரத்தில் நிற்கும். ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு இது புரியும். ஒவ்வொரு லாரி ஏறும்போதும் ஒரு டக், இறங்கும்போது ஒரு டக்.

மழை பெய்தால் கதை இன்னும் மோசம். இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, பலகைக்கு அடியில் தங்கும். லாரிச் சக்கரம் இணைப்பைத் தாண்டும்போது பலகை நுனி அமுங்குகிறது, அடியில் இருக்கிற தண்ணீர் மண்ணையும் சேர்த்துக்கொண்டு இணைப்பு வழியே பீச்சுகிறது. மழை விட்ட மறுநாள் பழைய சிமெண்ட் ரோட்டில் இணைப்பை ஒட்டிச் செம்மண் கறை விசிறி விட்டதுபோல் படிந்திருந்தால், அது மேலிருந்து வந்த சேறு இல்லை. கீழிருந்து வந்தது. அடியில் அத்தனை மண் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் சில மழைக்குள் அந்த மூலை உடையும். வேலையில் இருந்தபோது புது ரோட்டைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது இந்தக் கறையைத்தான்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. அடித்தளத்தைப் பலகை மட்டத்துக்கு நுணுக்கமாகச் சீவ வேண்டும். அல்லது பலகையை மட்டத் திருகுகளில் நிறுத்தி, அதிலுள்ள துளை வழியாக அடி முழுக்கக் கலவையைப் பம்ப் பண்ணி நிரப்ப வேண்டும். இணைப்பை ரப்பர் மாதிரியான அடைப்பான் போட்டு மூட வேண்டும். ஓரத்தில் தண்ணீர் வடிய வழி வேண்டும். எதுவும் பெரிய வித்தை அல்ல. ஆனால் எல்லாம் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலை. பில் போடும்போது பலகையை எண்ணலாம், அடியில் போன கலவையை யார் எண்ணுவது? எனக்குக் கவலை அங்கேதான்.

பெங்களூரை வைத்து முறையையே தள்ளிவிட வேண்டாம். முதலில் இணைப்புதான் கெடும் என்பதை அது எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

சார், நான் சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. இணைப்பில் டவல் பார் போடுவது பலகை பிரியாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். ஆனால் சைட்டில் அந்தக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். பிடிக்காமல் வழுக்கிவிடாதா?
*மாணவி, பெருந்துறை*

வழுக்கத்தான் வேண்டும், கண்ணு. நல்ல கேள்வி.

கான்கிரீட் பகலில் நீளும், இரவில் சுருங்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் பலகையின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிடச் சூடாகி, நடுப்பகுதி லேசாக எழும்பக்கூடப் பார்க்கும். இரண்டு பலகையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த இழுப்பு போக வழியில்லாமல் நடுவில் பிளந்துகொள்ளும். அதனால் முன்னும் பின்னும் நகர விட வேண்டும். ஆனால் மேலும் கீழும் நகர விடக் கூடாது. சக்கரம் ஒரு பலகை நுனியை அமுக்கும்போது பக்கத்துப் பலகையும் கை கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் வழவழப்பான உருண்டைக் கம்பி. முறுக்குக் கம்பி போடக் கூடாது. நம் ஹைவேக்களில் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் கம்பி, சுமார் ஒன்றரை அடி நீளம், அடிக்கு ஒன்று. ஒரு பாதி கான்கிரீட்டில் பிடித்திருக்கும், மறுபாதி உறைக்குள் வழுக்கும். நீ நினைத்த வேலையைச் செய்வது டை பார். ரோட்டின் நீள வாக்கில் வருகிற இணைப்பில் இரண்டு தடமும் விலகாமல் பிடித்துக்கொள்வது அது. அதற்குத்தான் முறுக்குக் கம்பி.

ரெடிமேட் பலகையில் இதைச் செய்வது கொஞ்சம் தந்திரமான வேலை. ஒரு பலகையில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த பலகையில் அதற்கு நேராகக் காடி வெட்டியிருக்கும். கிரேன்காரர் பலகையை இறக்கும்போது எல்லாக் கம்பியும் எல்லாக் காடியிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அப்புறம் காடியில் கலவை. ஒரு கம்பி கோணலாக இருந்தாலும் போச்சு, வழுக்காது, அந்த இடத்தில் கான்கிரீட் தெறிக்கும். அடுத்த முறை சைட்டுக்குப் போனால் கம்பிகள் ரோட்டின் நீளத்துக்கு நேராகவும், தரைக்கு மட்டமாகவும் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார். மேஸ்திரி முறைப்பார், பரவாயில்லை.

எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரி மழைக்காலத்தில் சேறாகிவிடுகிறது. பால் வண்டி உள்ளே வருவதில்லை, கேனை மெயின் ரோடு வரை டி.வி.எஸ்.ஸில் கொண்டுபோகிறோம். தேங்காய் லோடு ஏற்ற வந்த டிப்பர் போன ஐப்பசியில் அச்சு வரை புதைந்து, ஜே.சி.பி. வைத்து இழுத்தோம். இந்தப் பலகைகளை வாங்கிச் சக்கரம் போகிற இரண்டு தடத்தில் மட்டும் போட்டால் தாங்குங்களா?
*விவசாயி, தாராபுரம் பக்கம்*

தாங்குமுங்க. இது புதுசும் இல்லை. இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரம் ரோட்டை அறுத்த காலத்தில், இரண்டு சக்கரத்துக்கு மட்டும் இரண்டு சிமெண்ட் பட்டை போடுகிற வழக்கம் நம் நாட்டிலேயே இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் எல்லைக் காவல் வண்டிகள் போக, துளையுள்ள கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்திருந்தார்கள். நாடு ஒன்றாகி எல்லை போன பிறகும் அந்தத் தடத்தின் பல பகுதிகள் அப்படியே இருக்கின்றன. துளையில் புல் முளைத்து, ஜனங்கள் அதில் நடந்து போகிறார்கள். அவர்களுடைய கூட்டுப் பண்ணைகளிலும் பலகை ரோடுதான்.

உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது மண். செம்மண் சரளை என்றால் பாதி வேலை முடிந்தது. கரிசல் என்றால் கவனம். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், பலகையை வருஷம் ஒரு பக்கம் சாய்க்கும். கரிசலாக இருந்தால் தடத்தை மட்டுமாவது ஒரு அடி தோண்டி, அந்த மண்ணை வரப்பில் போட்டுவிட்டு, சரளை மண் அடித்து, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். டிராக்டர் சக்கரத்தாலேயே மிதித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மிதிக்கலாம், ஆனால் சக்கரம் போகாத இடம் பொதுபொது என்றே இருக்கும். அதன் மேல் கிரஷர் தூசி இரண்டு அங்குலம் பரப்பி மட்டக் கோல் இழுத்தால் பலகைக்குப் படுக்கை தயார்.

பலகை அளவு: இரண்டடி அகலம், நான்கடி நீளம் வைத்துக்கொள்ளலாம். பால் வண்டி, டிராக்டர் மட்டும் என்றால் நான்கு அங்குலக் கனம் போதும், பலகை 180 கிலோ சொச்சம் வரும். தேங்காய் டிப்பர் வரும் என்கிறீர்கள், அப்படியானால் ஆறு அங்குலம், உள்ளே கம்பி வலை. 270 கிலோ ஆகிவிடும், ஆட்களை வைத்துத் தூக்க வேண்டாம், கால் விரல் போய்விடும். வார்க்கும்போதே இரண்டு கொக்கி விட்டு, ஜே.சி.பி. பக்கெட்டில் சங்கிலி மாட்டி இறக்குங்கள். இரண்டு தடத்துக்கும் நடுவே எவ்வளவு விட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் தேடாதீர்கள். டிப்பரையும் பால் வண்டியையும் ஈரத் தரையில் ஓட்டச் சொல்லிச் சக்கரத் தடத்தை டேப் வைத்து அளங்கள். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நடு வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் பின்சக்கரம் உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும், அங்கே மட்டும் தடத்தை அகலப்படுத்துங்கள், அல்லது முழு அகலத்துக்கும் போடுங்கள்.

நடுவில் விட்ட மண் பலகையைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் மழைத்தண்ணீர் பலகை மேலேயே ஓடி அடியை அரிக்கும். ஓரத்து வேலியை வெட்டித் தள்ளிவிட்டுப் பலகை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளுவையும் கள்ளியும் வேர் ஓடிக்கிடப்பதால்தான் இட்டேரிக் கரை இன்னும் சரியாமல் நிற்கிறது.

அப்புறம் ஒன்று. இட்டேரி உங்கள் பட்டாவில் இருக்கிறதா, புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று இருக்கிறதா பாருங்கள். பாதையென்றால் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். பங்காளி பிரச்சினை இருக்கிற இடத்தில் கான்கிரீட் போடுவது போல் வம்பு வேறில்லை.

போர் தண்ணியில் ஸ்லாப் வார்க்கலாமா? எங்கள் பக்கம் தண்ணி உப்பு. டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் காட்டுகிறது.
*கவர் ஸ்லாப் வார்ப்பவர், ஊத்துக்குளி*

அந்தப் பேனா மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. கம்பியைத் தின்பது குளோரைடு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கணக்குப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் 2000 வரை விடுகிறார்கள். சல்பேட் 400. ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுங்கள். நொய்யல் ஓரத்துக் கிணறு என்றால் கண்டிப்பாகக் கொடுங்கள். சாயத் தண்ணீர் ஓடிய காலத்தின் மிச்சம் இன்னும் நிலத்தடியில் கிடக்கிறது. கலக்க மட்டும் லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்குப் போர் தண்ணியை ஊற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள். அதுவும் உள்ளே இறங்கும்.

எங்கள் ஊர் சிமெண்ட் ரோடு போட்ட அன்று சாயங்காலமே மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது. சிமெண்ட் குறைவு என்று ஊரில் சண்டை. உண்மையா?
*வார்டு உறுப்பினர், உடுமலை பக்கம்*

எந்த மாதம் போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனி, ஆடி என்றால் சிமெண்டின் மேல் பழி போடுமுன் காற்றைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று ஈரக் கான்கிரீட்டின் மேல்பக்கத்தில் உள்ள தண்ணீரை, அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வருவதைவிட வேகமாக உறிஞ்சிவிடும். மேல்தோல் சுருங்கி வெடிக்கும். சிமெண்ட் தாராளமாகப் போட்ட கான்கிரீட்டும் வெடிக்கும். சாயங்காலம் காற்று தணிந்த பிறகு போடுவது, போட்ட கையோடு பாலிதீன் ஷீட்டோ ஈரச் சாக்கோ மூடுவது, இரண்டும் செய்தால் போதும். ஈரமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் மறுபடி மட்டப்பலகை போட்டுத் தேய்த்து மூடிவிடலாம்.

பலகையை யார்டில் வார்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். கொட்டகைக்குள் ஆடிக்காற்று வராது, கலவை லாரி லேட் ஆவதில்லை, சரியில்லாத பலகையை ரோட்டுக்கு வருமுன்பே ஒதுக்கிவிடலாம். ஊற்றிய ரோட்டில் சரியில்லை என்றால் ஒதுக்கி வைக்க முடியுமா?

ரோடு கெட்டால் உடனே லாரிக்காரன் ஓவர்லோடு என்கிறீர்கள். இந்தக் கான்கிரீட் பலகை போட்டாலாவது எங்களை விட்டுவிடுவீர்களா?
*லாரி உரிமையாளர், நாமக்கல்*

விடமாட்டேனுங்க. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில், இதற்கென்றே தனி ரோடு போட்டு, அதில் ராணுவ வீரர்களை வைத்து லாரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த கணக்கு: அச்சுப் பளு இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. நம் நாட்டில் 2018-ல் நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன் இருந்ததை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ஏறியது ஒன்றேகால் டன் சொச்சம். அதே கணக்கில் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. இது சட்டம் அனுமதித்த பளு. அதற்கு மேல் ஏற்றுவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கான்கிரீட் தார் போல மெதுவாகக் குழியாகாது, தாங்குகிற வரை தாங்கிவிட்டு ஒரு நாள் மூலை உடையும். லாரிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, லோடு ஏற்றிவிடுகிற குவாரிக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேவர் பிளாக்கும் ரெடிமேட்தானே? அதையே மெயின் ரோட்டுக்கும் போட்டால்?
*கடைக்காரர், பல்லடம்*

வீதிக்கு, பார்க்கிங்குக்கு நல்லது. காரணம்பேட்டைக் கிரஷர் லாரி போகிற ரோட்டுக்கு வேண்டாம். சக்கரத் தடம் குழிந்து, கல் கல்லாகப் பெயரும்.

உலகத்தில் முதலில் யார் இப்படிப் போட்டது?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபி*

"முதலில்" என்று யாருக்கும் பட்டம் கட்ட நான் தயாரில்லை. அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் ரஷ்யர்கள். விமான ஓடுதளத்துக்கென்று வார்த்த ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் கனம் உள்ள பலகை அங்கே பிரபலம். ஒன்று 4.2 டன். சைபீரியாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிற சதுப்பு நிலத்தில் இதைப் பரப்பி ரோடு ஆக்கினார்கள். வேலை முடிந்தால் தூக்கி அடுத்த இடத்தில் போடலாம். அங்கே பழைய பலகைக்குத் தனியாக வியாபாரமே நடக்கிறது. அமெரிக்காவில் 2001-ல் நியூயார்க் அருகே டாப்பன் ஸீ பாலத்து டோல்கேட்டில் போட்டது பெயர் வாங்கியது. டோலை மூட முடியாது, ராத்திரி ராத்திரியாக மாற்றினார்கள். ஜாவாவில் கன்சி–பெஜாகன் டோல் ரோடு சுமார் 35 கிலோமீட்டரும் முன்கூட்டி வார்த்த பலகைதான். பிரான்சில் அறுகோணப் பலகை போட்டு, குழாய் வேலை வந்தால் கழற்றி மறுபடி மாட்டலாமா என்று சோதித்தார்கள். நம் குடிநீர்க் குழாய்க்காரர்களை நினைத்தால் அதுதான் நமக்கு முதலில் தேவை. ஆனால் கழற்றி மாட்டுவது எல்லா வகையிலும் முடியாது. டவல் பார் போட்டுக் கலவை ஊற்றியதை ஊக்குக் கழற்றுவது போல எடுக்க வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சதுர அடிக்கு என்ன ஆகும்?
*கான்ட்ராக்டர், ஈரோடு*

அச்சு எத்தனை முறை திரும்பப் பயன்படும், யார்டு எவ்வளவு தூரம், கிரேன் எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்தது. நூறு மீட்டர் ரோட்டுக்கு அச்சு செய்தால் அச்சுச் செலவே உங்களை முடித்துவிடும். அங்கேயே ஊற்றுவதைவிடக் கூடுதல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலும் மாநகராட்சி அதைத்தான் சொன்னது.

ரோடு போடப் போட எங்கள் வீடு பள்ளமாகிக்கொண்டே போகிறது. வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுதான் தெரிகிறது. இனி 20 சென்டிமீட்டர் பலகை வேறு வந்தால் மழைத்தண்ணி நேராகச் சமையல்கட்டுக்குத்தான் வரும். என்ன செய்ய?
*இல்லத்தரசி, கோவை*

அம்மணி, இந்த விஷயத்தில் பலகை உங்களுக்குச் சாதகம். தார் ரோட்டைப் பழையதன் மேலேயே ஊற்றிவிட்டுப் போகலாம், அப்படித்தான் உங்கள் படிகள் போயின. அடித்தளம் செய்து உட்கார வைக்கிற பலகையைப் பழைய ரோட்டைத் தோண்டாமல் ஒழுங்காகப் போட முடியாது. தாருக்கும் இப்போது அப்படியே ஊற்றக் கூடாது என்றுதான் உத்தரவு. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதிய கடிதம் இருக்கிறது.

வேலை ஆரம்பிக்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கேட் தூணில் இப்போதைய ரோட்டு மட்டத்துக்கு நேராகப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, ரோடும் கோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் போடச் சொல்லுங்கள். அப்புறம், எஸ்டிமேட்டில் "மில்லிங்" அல்லது "தோண்டி எடுத்தல்" என்ற வரி இருக்கிறதா என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வேலை தொடங்குமுன் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஜல்லி கொட்டிய பிறகு கேட்டால், "அடுத்த முறை பார்க்கலாம்மா" என்பார்கள்.